ஸர்வக்ஞர் என்று ஒருவர் இருக்க முடியுமா?
(பார்த்திவபுரம் செப்பேடும் சிதறால் மலையும்)

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போகாத அங்கத்தினர்கள் நம்மில் குறைவாகவே இருப்பார்கள். நெய்யாற்றின்கரை தாண்டி, பாறசாலை வந்தால் கேரளம் முடிகிறது. அடுத்து களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு ஆரம்பம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலை அந்தத் தாலுகாவைச் சேர்ந்தது. எங்கள் சிறிய அக்ரஹாரமும் அந்தப் பக்கத்தில்தான். எங்கள் உறவுகளில் பாதிப்பேர் ஒரே நாளில் வேறு ராஜ்யத்துக்காரர்கள் ஆனார்கள். அப்போது எனக்கு ஆறு வயது.

இந்த எல்லைப் பிரதேசத்தில், சுமார் ஆயிரத்து நூற்றைம்பது வருஷங்களுக்கு முன், ஒரு பெரிய கேள்விக்கு மூன்று வெவ்வேறு விடைகளை வைத்திருந்தவர்கள் ஒரே ராஜவம்சத்தின் ஆதரவில் வாழ்ந்தார்கள். எல்லாம் அறிந்தவர், அதாவது ஸர்வக்ஞர், என்று ஒருவர் இருக்க முடியுமா என்பதே அந்தக் கேள்வி. இது பண்டிதர்கள் பொழுதுபோக்காகப் பேசிய விஷயம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. அப்படியல்ல என்று தெரிந்துகொள்ள எங்கள் குடும்பம் ஒரு விலை கொடுத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹஜூர் கச்சேரிச் செப்பேடு

பாறசாலையிலிருந்து தென்கிழக்கே எட்டுப் பத்து கிலோமீட்டர் தூரத்தில் முஞ்சிறை இருக்கிறது. சிவராத்திரிக்கு 'கோவிந்தா, கோபாலா' என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டம் ஆரம்பிப்பது முஞ்சிறைத் திருமலை மஹாதேவர் கோயிலில்தான். அதற்கு அருகே பார்த்திவபுரம் என்ற கிராமத்தில் ஒரு விஷ்ணு கோயில். அந்தக் கோயில் தோன்றிய வரலாறு ஒரு செப்பேட்டில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் வைக்கப்பட்டிருந்ததால் அதற்கு 'ஹஜூர் கச்சேரிச் செப்பேடு' என்றே பெயர் வந்துவிட்டது. திருவாங்கூர் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த டி.ஏ. கோபிநாத ராவ் அதைத் திருவாங்கூர் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார்.

செப்பேட்டை வெளியிட்டவர் ஆய் வம்சத்து அரசர் கோக்கருநந்தடக்கன். தேதியைக் கலியுகத்தின் நாள் எண்ணிக்கையாகவே கொடுத்திருக்கிறார்: 14,49,087-ஆவது நாள். பௌதிகம் படித்தவனுக்கு இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. வருஷத்துக்கு 365 நாள் 6 மணி 12 நிமிஷம் என்று வகுத்துப் பாருங்கள். 3967 வருஷம் முழுதாகப் போய், சுமார் 107 நாட்கள் மிச்சம் வரும். சித்திரை, வைகாசி, ஆனி மூன்றும் கழிந்தால் ஆடி மாதம். கலி 3967 கழிந்தது என்றால் கி.பி. 866. இன்றைக்கும் பேப்பரும் பென்சிலும் இருந்தால் எவரும் சரிபார்க்கலாம். சரிபார்க்க முடிவது என்ற இந்த குணத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முஞ்சிறை சபையாரிடமிருந்து நிலத்தைப் பலவந்தமாக எடுக்காமல், மாற்று நிலம் கொடுத்துப் பெற்றுக்கொண்டார் அரசர். அங்கே விஷ்ணு கோயில் கட்டி, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டார். கூடவே காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்றி 95 சட்டர்களுக்கு, அதாவது வேத மாணவர்களுக்கு, ஒரு சாலையும் அமைத்தார். இடங்கள் வேத சாகை வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன: பஹ்வ்ருச ரிக்வேதிகளுக்கு 45, தைத்திரீயத்தாருக்கு 36, தலவகார ஸாமவேதிகளுக்கு 14.

சேருவதற்குத் தகுதி என்ன? வியாகரணம், மீமாம்ஸை, பௌரோஹித்யம் ஆகியவற்றில் பயிற்சியும், மூன்று ராஜ்யங்களின் வியவஹாரத்துக்கு வேண்டிய திறமையும். சபைக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது, சாலைக்குள் சூதாடக்கூடாது, குடியானவர்களை அவமதிக்கக்கூடாது என்று ஒழுங்கு விதிகளும் உண்டு. விதி போட்டிருக்கிறார்கள் என்றால் அந்தத் தப்புகள் நடந்திருக்கின்றன என்று அர்த்தம். சர்க்கார் உத்தியோகத்தில் சுற்றறிக்கை எழுதிப் பழகியவர்களுக்கு இது புரியும்.

இங்கே மீமாம்ஸை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்.

மீமாம்ஸகரின் ஆட்சேபம்

ஒன்பதாம் நூற்றாண்டில் மீமாம்ஸை கற்பது என்றால் குமாரில பட்டரின் வழியையோ பிரபாகரரின் வழியையோ கற்பது. குமாரிலர் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது பொதுவான கருத்து. அவருடைய ச்லோகவார்த்திகத்தில் ஸர்வக்ஞர் என்ற கருத்தையே மறுக்கும் பகுதி ஒன்று உண்டு. வேதத்தை நிலைநாட்ட வந்தவரே எல்லாம் அறிந்தவர் என்று ஒருவரும் இல்லை என்று வாதித்தது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அவருக்கு எதிரில் இருந்தவர்கள் பௌத்தர்களும் ஜைனர்களும். 'எங்கள் ஆசார்யர் எல்லாம் அறிந்தவர். ஆகையால் அவர் சொன்ன தர்மம் பிரமாணம்' என்பது அவர்கள் கட்சி. குமாரிலரின் பதிலை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒருவர் ஸர்வக்ஞர் என்று தீர்மானிக்க வேண்டுமானால், அவர் அறிந்தவை அனைத்தும் சரிதானா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பவருக்கும் அவை அனைத்தும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு ஸர்வக்ஞரை அடையாளம் காண இன்னொரு ஸர்வக்ஞர் வேண்டும். அந்த இரண்டாமவருக்குச் சான்று சொல்ல மூன்றாமவர். இதற்கு முடிவே இல்லை. ஒன்றும் தெரியாத நாம், ஒருவருக்கு எல்லாம் தெரியும் என்று சான்றிதழ் கொடுப்பது எப்படி?

இன்னொரு வாதமும் அந்த மரபில் உண்டு. பழகப் பழக அறிவு வளர்ந்து, கடைசியில் எல்லாம் தெரிந்துவிடும் என்று எதிர்க்கட்சி சொன்னது. பத்து முழம் தாண்டுகிறவன் எத்தனை பழகினாலும் ஒரு யோஜனை தாண்டமாட்டான் என்று இவர்கள் பதில் சொன்னார்கள். வளர்ச்சிக்கு உச்சவரம்பு இருக்கலாம் என்பது கருத்து. ஒரு பொருளை எவ்வளவு முடுக்கிவிட்டாலும் ஒளியின் வேகத்தை எட்டாது என்று கல்லூரியில் படித்தபோது எனக்கு இந்த உதாரணம் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தர்மம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒருவர் அறிந்தால் அதைத் தடுக்கத் தங்களுக்கு அவசியமில்லை என்றும் மீமாம்ஸகர்கள் சொன்னார்கள். எது தர்மம் என்பதை ஒரு தனி மனிதரின் வாக்கை வைத்து முடிவு செய்யக்கூடாது. வேதமே பிரமாணம் என்பதுதான் அவர்கள் கவலை.

மலைமேல் வேறு விடை

இனி மார்த்தாண்டத்துக்கு வடக்கே போவோம். பார்த்திவபுரத்திலிருந்து நேர்கோட்டில் பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் சிதறால் மலை. கல்வெட்டுகளில் திருச்சாரணத்து மலை. பாறையில் பார்ச்வநாதர் முதலான தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிற்காலத்தில் இது பகவதி கோயிலாகிவிட்டது. கருநந்தடக்கனுக்குப் பின் வந்த ஆய் அரசர் விக்ரமாதித்ய வரகுணனின் 28-ஆவது ஆட்சி வருஷத்தில், அரட்டநேமி படாரரின் சிஷ்யையான குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி இங்குள்ள பகவதிக்குப் பொன் ஆபரணம் கொடுத்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது.

இந்த மலையில் இருந்தவர்களுக்கு ஸர்வக்ஞர் என்பவர் மதத்தின் அஸ்திவாரம். ஆத்மாவின் இயல்பே அறிவது. கர்மம் அதை மறைக்கிறது. மறைப்பு முழுதும் நீங்கினால் முக்காலமும் எல்லாப் பொருளும் ஒருங்கே தெரியும். அதுதான் கேவல ஞானம். இதை நிரூபிக்க ஸமந்தபத்ரர் தம் ஆப்தமீமாம்ஸையில் ஓர் அனுமானம் சொன்னார். மலைக்கு அப்பால் உள்ள நெருப்பைப் புகையைக் கொண்டு நாம் ஊகிக்கிறோம். அங்கே இருப்பவனுக்கு அது கண்ணுக்கே தெரிகிறது. அதுபோல, நாம் ஊகித்து அறியும் சூக்ஷ்மமான, தூரமான பொருள்களெல்லாம் யாரோ ஒருவருக்குப் பிரத்யக்ஷமாக இருக்க வேண்டும் என்றார். எட்டாம் நூற்றாண்டில் அகளங்கர் இதற்கு உரை எழுதினார். அதே ஜைன மரபில் குந்தகுந்தர் நியமஸாரத்தில், கேவலி எல்லாம் அறிகிறார் என்பது வியவஹாரத்தில்தான். நிச்சய நோக்கில் அவர் தன் ஆத்மாவை அறிகிறார் என்று நுட்பமாகப் பிரித்தார்.

மூன்றாவது விடை பௌத்தர்களுடையது. அதே வரகுணனின் பாலியம் செப்பேடு, கேரளக் கடற்கரையில் இருந்த ஸ்ரீமூலவாசம் என்ற பௌத்த ஸ்தானத்துக்கு நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. பௌத்த தார்க்கிகர் தர்மகீர்த்தி கேள்வியையே மாற்றினார். உலகத்தில் பூச்சிகள் எத்தனை என்று ஆசார்யருக்குத் தெரிந்து எனக்கு என்ன பிரயோஜனம்? எதை விட வேண்டும், எதைக் கொள்ள வேண்டும் என்று தெரிந்தால் போதும். தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதுதான் பெருமை என்றால் கழுகைப் பூஜை செய்யலாமே என்று கேலியும் செய்தார். ஆனால் பின்வந்த சாந்தரக்ஷிதர் குமாரில மரபின் வாதங்களையெல்லாம் எடுத்துவைத்துவிட்டு, புத்தர் முழு ஸர்வக்ஞரே என்று தத்வஸங்கிரஹத்தின் கடைசி அத்தியாயத்தில் வாதிட்டார்.

ஒரே வம்சம், பக்கத்துப் பக்கத்து ஊர்கள், மூன்று விடைகள். சாலையில் படித்த சட்டரும் மலையில் இருந்த குரத்திகளும் நேரில் சந்தித்து விவாதித்தார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆனால் ஒரு கட்சிக்கு நிலம் கொடுத்ததற்காக மற்றதைப் பிடுங்கியதாகவும் எங்கும் இல்லை.

ஈச்வரனும் மனிதனும்

'அப்படியானால் ஈச்வரன் ஸர்வக்ஞன் என்பது?' என்று வாசகர்கள் கேட்பார்கள். நையாயிகர்கள் ஈச்வரனை ஸர்வக்ஞன் என்றார்கள். ஆசார்யாளும் பிரம்மஸூத்ர பாஷ்யத்தில் சாஸ்திரங்களுக்கெல்லாம் மூலமான பிரம்மம் ஸர்வக்ஞம் என்று நிலைநாட்டினார். எப்போதும் அறிந்துகொண்டே இருப்பவரை 'அறிகிறார்' என்று சொல்லலாமா என்ற ஆட்சேபத்துக்கு ஸூரியனை உதாரணம் காட்டினார். ஸூரியன் எப்போதும் பிரகாசிப்பவன். இருந்தாலும் 'பிரகாசிக்கிறான்' என்று நாம் சொல்வதில்லையா?

இந்த உதாரணம் இன்றைய கணிதத்தின் முன்னாலும் நிற்கிறது. 1814-ல் பிரெஞ்சு கணித மேதை லாப்லாஸ், ஒரு கணத்தில் உலகத்தின் எல்லா அணுக்களின் நிலையையும் அவற்றின்மீது செயல்படும் விசைகளையும் அறிந்த ஒரு புத்திக்கு எதிர்காலம் முழுதும் தெரியும் என்றார். 1927-ல் ஹைஸன்பர்க், ஒரு துகளின் இடம், உந்தம் இரண்டையும் ஒரே சமயத்தில் துல்லியமாக நிர்ணயிக்க முடியாது என்று காட்டினார். அதற்கும் முன்பே, 1891-ல் கான்டர் என்ற ஜெர்மன் கணித நிபுணர், எந்தத் தொகுதியை எடுத்தாலும் அதன் உறுப்புகளைவிட அதன் உட்பிரிவுகளின் எண்ணிக்கை அதிகம் என்று நிரூபித்திருந்தார். மூன்று பழங்கள் இருந்தால், ஒன்றும் எடுக்காததையும் சேர்த்து, எட்டு விதமாக எடுக்கலாம். எண்ணிக்கை முடிவில்லாமல் போனாலும் இந்த விதி மாறாது.

1984-ல் பாட்ரிக் கிரிம் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் இதை நம் கேள்வியோடு இணைத்தார். எல்லா உண்மைகளும் அடங்கிய பட்டியல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு உட்பிரிவைப் பற்றியும் ஒரு தனி உண்மை உண்டு. உட்பிரிவுகள் பட்டியலைவிட அதிகம். ஆகவே பட்டியலில் சேராத உண்மை எப்போதும் மிஞ்சும். முழுப் பட்டியல் என்பதே இல்லை. அதை அறிந்தவரும் இல்லை என்பது அவர் வாதம். இதை ஏற்காதவர்களும் உண்டு. அறிவு என்றால் பட்டியல் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு பதில். ஸூரியன் பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஒளி வீசுவதில்லை. ஈச்வர ஞானத்தைப் பற்றிய கேள்வி இவ்வாறு திறந்தே இருக்கிறது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அதை மூடும் தகுதி எனக்கு இல்லை.

மீமாம்ஸையும் பக்தியும் ஒருவரிடத்திலேயே சேர்ந்திருக்கவும் முடிந்தது. நம் வீட்டுப் பெண்மணிகள் பாராயணம் செய்யும் நாராயணீயத்தை இயற்றிய மேல்பத்தூர் நாராயண பட்டத்திரிதான், குமாரிலர் வழியை விளக்கும் மானமேயோதயத்தின் பிரமாணப் பகுதியையும் எழுதினார். நாராயணீயத்தின் கடைசி வார்த்தைகளைக் கடபயாதி முறையில் எண்ணாக்கினால் 17,12,210 என்ற கலி தினம் வரும், அதாவது 1586. பார்த்திவபுரம் செப்பேட்டுக்கு 720 வருஷம் பிந்திய அதே கணக்கு.

எங்கள் வீட்டில் நடந்தது

மனிதர்கள் விஷயம் வேறு. எண்பதுகளில் என் அத்திம்பேருக்கு வயிற்றில் ஒரு கட்டி. டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொன்னார். அந்தச் சமயத்தில் முக்காலமும் அறிந்தவர் என்று ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். நானும்தான் கூடப் போனேன். உட்கார்ந்ததும் எங்கள் தாத்தா பெயரைச் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் குளம் இருந்து தூர்ந்துபோனதைச் சொன்னார். அத்திம்பேருக்கு இருமுறை உத்தியோக மாற்றம் ஆனதைச் சொன்னார். நாங்கள் அசந்துபோனோம். கடைசியில், 'கத்தி வைக்க வேண்டாம், தை மாதத்தில் தானே கரைந்துவிடும்' என்றார். தை வந்தது. கட்டி கரையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆவணியில் அத்திம்பேர் போய்விட்டார்.

காரியங்களெல்லாம் முடிந்தபின் அக்கா என்னைக் கேட்டாள்: "நீ பி.எஸ்ஸி. படிச்சவன்தானேடா? உனக்கு எப்படித் தோணாமப் போச்சு?" நான் பதில் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து, ரிடையர் ஆனபின், மீமாம்ஸை பற்றிய ஒரு புஸ்தகத்தில் குமாரிலரின் அந்த வாதத்தைப் படித்தபோதுதான் பதில் கிடைத்தது. தாத்தா பெயர், குளம், மாற்றல் மூன்றும் எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. எங்களால் சரிபார்க்க முடிந்தவை அவை மட்டுமே. அந்த மூன்றுக்கு மார்க் போட்டுவிட்டு, சரிபார்க்க முடியாத நான்காவதற்கும் முழு மார்க் கொடுத்துவிட்டோம். தெரிந்த விஷயத்தில் நம்பத்தகுந்தவர் தெரியாத விஷயத்திலும் நம்பத்தகுந்தவர் என்ற வாதம் நம் நியாய சாஸ்திரத்திலேயே இருக்கிறது. ஆயுர்வேதத்தை உதாரணமாக வைத்துத்தான் நியாயஸூத்ரம் வேதத்தின் பிரமாணத்தைச் சொல்கிறது. ஆனால் ஆயுர்வேதம் வியாதியைப் பற்றிச் சொல்லி, வியாதி விஷயத்தில் தலைமுறை தலைமுறையாகச் சோதிக்கப்பட்டது. தாத்தா பெயருக்கும் வயிற்றுக் கட்டிக்கும் என்ன சம்பந்தம்? டாக்டருக்கு எங்கள் தாத்தா பெயர் தெரியாது. கட்டியைப் பற்றித் தெரியும்.

அந்த மனிதர் மீது எனக்கு இப்போது கோபம் இல்லை. அவருக்கு ஸர்வக்ஞர் பட்டம் கொடுத்தது நாங்கள். கொடுக்கும் யோக்யதை எங்களுக்கு இருக்கவில்லை.

ராஜா கேட்ட தகுதி

காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. பார்த்திவபுரத்துக்கு முன்மாதிரியான அந்தச் சாலையில் முதலாம் ராஜராஜன் 'கலம் அறுத்ததாக' அவர் மெய்க்கீர்த்தி சொல்கிறது. கலம் என்றால் கப்பலா, சாப்பாட்டு ஏற்பாடா, வேறு ஏதேனுமா என்று நூறு வருஷத்துக்கு மேலாக ஆராய்ச்சியாளர்கள் வாதிக்கிறார்கள். சாலை இருந்த இடம் திருவனந்தபுரம் வலியசாலை என்பது பலர் கருத்து. வேறு இடம் சொல்பவர்களும் உண்டு. கல்லில் வெட்டிவைத்த இரண்டு வார்த்தைகளின் அர்த்தமே இந்த நிலையில் இருக்கிறது. எல்லாம் தெரியும் என்பவரிடம் நமக்குக் கொஞ்சம் கூச்சம் வருவதற்கு இது ஒன்றே போதும்.

இந்தப் பின்னணியில் கருநந்தடக்கனின் தகுதி விதியை மறுபடி படிக்கிறேன். 95 பேருக்கு வருஷக்கணக்கில் சோறு போடப்போகிற அரசர், எல்லாம் அறிந்தவரை அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. வியாகரணம், மீமாம்ஸை, பௌரோஹித்யம், ராஜ்ய வியவஹாரம் என்று துறை துறையாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் கேள்வி கேட்டுப் பரீக்ஷை செய்யலாம். தப்பு செய்தால் என்ன நடவடிக்கை என்பதையும் அதே செப்பேட்டில் எழுதிவைத்தார்.

நம் அங்கத்தினர்கள் எந்த ஊரில் இருந்தாலும், குழந்தையின் படிப்பு, கல்யாணம், வைத்தியம், பணம் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் விடை தருகிறேன் என்பவர்கள் கதவைத் தட்டத்தான் செய்கிறார்கள். இப்போது கைபேசியிலும் செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்லும் வசதி வந்துவிட்டது. என் பேரன் அதைத்தான் கேட்கிறான். உபயோகமான சாதனம்தான். நான் அவனிடம் சொல்வது ஒன்றே: 'உனக்குத் தெரிந்த மூன்று விஷயத்தைச் சரியாகச் சொல்லிற்று என்பதற்காக நாலாவதை நம்பாதே. நாலாவதைத் தனியாகச் சரிபார்.'

அடுத்த தடவை அந்த மார்க்கமாக வரும் அங்கத்தினர்கள் மார்த்தாண்டத்தில் இறங்கி, காலையில் சிதறால் மலை ஏறிவிட்டு, மாலையில் பார்த்திவபுரம் கோயிலில் தரிசனம் செய்யலாம். ஒரே நாளில் முடியும். மலைமேல் காற்று நன்றாக இருக்கும். அக்காவை ஒருமுறை பார்த்திவபுரத்துக்குக் கூட்டிப்போய், ஸந்நிதியை விட்டு வெளியே வந்ததும், அவள் கேட்ட கேள்விக்கு முப்பது வருஷம் கழித்துப் பதில் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "இது அப்பவே தெரிஞ்சிருந்தா!" என்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.